ஒரே பெட்டியில் வந்த எட்டு வட்டுகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருபுறமும் உற்பத்தியாகாத பொருள் இல்லை என்று தோன்றும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார், சுங்குவார்சத்திரம் பக்கம் கைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி, ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி, அப்பல்லோ டயர், ராயல் என்ஃபீல்டு புல்லட். எந்த ஷிஃப்டில், எந்த மெஷினில், எந்தப் பாகங்களைக் கொண்டு இவை உருவாயின என்ற கணக்கைச் சுமக்கும் பொருள் மட்டும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அது ஹார்ட் டிஸ்க்.

அப்படி வந்த ஒரு பெட்டியை இங்கே பின்தொடர்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். பெரிய கார் கம்பெனிக்குப் பிரேக் பாகம் செய்து கொடுக்கும் சப்ளையர் ஆலை. இந்தச் சாலையில் அப்படிப்பட்டவை ஏராளம், அவற்றின் சர்வர் அறைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்று உலகில் ஹார்ட் டிஸ்க் செய்யும் நிறுவனங்கள் மூன்றே மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா. முதல் இரண்டுக்கும் தாய்லாந்தில் பெரிய ஆலைகள் உண்டு. 2011 அக்டோபரில் சாவோ பிரயா ஆறு கரைபுரண்டு, அயுத்தயா மாகாணத்தில் பாங் பா-இன் தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை தண்ணீரில் நின்றது. உலகத்தின் பெரும்பாலான டிஸ்க்குகளுக்குச் சுழலும் மோட்டார் செய்து தரும் நிடெக் நிறுவனத்தின் ஆலைகளும் தப்பவில்லை. சில வாரங்களில் டிஸ்க் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சென்னை ரிச்சி தெருவில் கணினிக் கடை வைத்திருந்தவர்கள் அந்த மாதங்களை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகளை ஒட்டி வளர்ந்த நம் தொழிற்பேட்டைக்காரர்களும் மறக்கக் கூடாத செய்தி அது.

நம் பெட்டியில் இருப்பவை 20 டெராபைட் வட்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைக்கும் அளவு, 700 கிராமுக்குச் சற்றே குறைந்த எடை. உள்ளே ஒன்பது அல்லது பத்து தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். தட்டின் விட்டம் 95 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அதன் விளிம்பு மணிக்கு 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தட்டுக்கும் எழுதும் தலைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். காற்றின் இழுவையைக் குறைக்க உள்ளே ஹீலியம் நிரப்பி மூடிவிடுகிறார்கள். 2013-ல் ஆறு டெராபைட் வட்டில் முதன்முதலில் சந்தைக்கு வந்த முறை இது. இவ்வளவு நுட்பமான ஒரு பொருளை லாரியில் ஏற்றி வேகத்தடைகள் மேல் ஓட்டி வருகிறோம் என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்.

தாய்லாந்திலிருந்து விமானத்தில் மீனம்பாக்கம். சுங்கம் முடிந்து வேனில் ஜி.எஸ்.டி. சாலை, வண்டலூர், பிறகு வாலாஜாபாத் சாலையில் படப்பை தாண்டி ஒரகடம். இருபது வட்டு பிடிக்கும் அட்டைப்பெட்டி. நுரைக் குழிகளில், நிலைமின்சாரம் தாக்காத பையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஒவ்வொன்றும் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து எட்டை எடுத்து வரிசை எண்ணைப் பாருங்கள். கடைசி சில எழுத்துகளில்தான் மாறும். தயாரிப்புத் தேதியும் ஒன்றே. ஒரே வாரத்தில், ஒரே லைனில், ஒரே தொகுதித் தலைகளும் தட்டுகளும் கொண்டு உருவானவை. பட்ட குலுக்கலும் ஒன்றே. பின்னால் நடக்கப்போவதற்கெல்லாம் இது காரணம். ஆனால் ஸ்டோர்ஸில் பெட்டியைப் பிரிக்கும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை.

சர்வரின் முகப்பில் எட்டு பொந்துகள். ஒவ்வொரு வட்டையும் ஒரு டிரேயில் வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கி, உள்ளே தள்ளி, நெம்புகோலை மடக்கினால் ‘டக்’கென்று உட்காரும். பச்சை விளக்கு எரியும். எட்டும் எரிந்த பிறகு, வட்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஒரு கேள்வி கேட்கும்: இவற்றை எப்படிச் சேர்க்க வேண்டும்?

பணத்துக்கும் வேகத்துக்கும் பயத்துக்கும் நடக்கும் பேரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அந்த ஆலையில் அன்று மேஜையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உற்பத்திப் பிரிவுக்காரருக்கு வேகம் வேண்டும். லைனில் ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு டார்க்கில் முடுக்கினார்கள் என்ற எண் நொடிக்கு நொடி வந்து விழுகிறது, அது தாமதமானால் லைன் நிற்கும். தரப் பிரிவு அம்மாவுக்குப் பாதுகாப்பு வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து ஒரு பிரேக்கில் கோளாறு வந்தால், இந்தத் தொகுதியில் மட்டும்தான் கோளாறு என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் எல்லா வண்டியையும் கூப்பிட வேண்டியதுதான். மூன்றாமவர் கணக்குப் பிரிவு. அவர் கேட்டது நியாயமான கேள்வி:

“தம்பி, எட்டு டிஸ்குக்குக் காசு குடுத்திருக்கோம். ஆறு டிஸ்க் அளவுதான் கிடைக்கும்னா மீதி ரெண்டு எதுக்கு?”

இதற்குப் பதில் சொல்ல பழைய கதையைத் திருப்ப வேண்டும்.

1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க் ஒரு டன்னுக்கு மேல் எடை. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதைச் சுழற்றி 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள், பெரிய கணினிக்குப் பெரிய டிஸ்க் என்பதே விதியாக இருந்தது. 1980-களில் மேஜைக் கணினிகளுக்காக 100 மெகாபைட் அளவுள்ள சின்ன, மலிவான வட்டுகள் வந்தன. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் இந்தச் சின்ன வட்டுகளைப் பல டஜன் அடுக்கினால் என்ன? தலைகள் பல, ஒரே நேரத்தில் பல இடங்களில் படிக்கலாம், எழுதலாம். வேகம் எங்கோ போகும்.

ஒரே ஒரு தடை. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், நூறு வட்டில் ஏதோ ஒன்று 300 மணி நேரத்தில் செத்துப்போகும். இரண்டு வாரம்கூட இல்லை. வேகத்துக்காகத் தரவைக் கூறுபோட்டு நூறிலும் பரப்பியிருந்தால் ஒன்று போனாலே எல்லாம் போச்சு. ஆகவே கொஞ்சம் இடத்தைத் தியாகம் செய்து, போனதைத் திருப்பி எடுக்கும் வழியை உள்ளேயே வைக்க வேண்டும். இந்த யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. ஐ.பி.எம்.மின் நார்மன் ஊச்சி 1978-லேயே இந்த வகையில் காப்புரிமை பெற்றிருந்தார். டான்டெம் நிறுவனம் ஒவ்வொரு வட்டுக்கும் அப்படியே ஒரு நகல் வட்டு வைத்து விற்றது. ஆனால் வெவ்வேறு வழிகளை வரிசைப்படுத்தி, எதில் எவ்வளவு இடம் போகும், எவ்வளவு வேகம் கிடைக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று ஒப்பிட்டுக் காட்டியது 1988 ஜூனில் சிகாகோ மாநாட்டில் வந்த இந்த மூவரின் கட்டுரைதான். இப்படி வட்டுகளைச் சேர்க்கும் முறைக்கு ‘ரெய்டு’ என்ற பெயரும் அவர்கள் வைத்ததே. வருமான வரி ரெய்டைக் கேட்டே பழகிய நம் கணக்குப் பிரிவுகளில் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு நிமிடம் முகம் மாறும்.

மேஜைக்குத் திரும்புவோம். எட்டு வட்டு, ஒவ்வொன்றும் 20 டெராபைட், மொத்தம் 160.

எதையும் காக்காமல் வெறுமனே கூறுபோட்டு வைத்தால் 160-ம் கிடைக்கும். அது ரெய்டு 0. ஒன்று போனால் எல்லாம் போகும், அதனால் அதைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம்.

இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதி, அந்த ஜோடிகளுக்கிடையே கூறுபோட்டால் ரெய்டு 10. கிடைப்பது 80. பாதி போய்விட்டது. கணக்குப் பிரிவுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரெய்டு 5 கெட்டிக்காரத்தனமானது. நான்கு வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1, 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகள் மூன்று, ஒற்றைப்படை. ஐந்தாவதில் இன்னொரு 1 எழுதி இரட்டைப்படை ஆக்கிவிடுகிறோம். இதுதான் பேரிட்டி. மூன்றாம் வட்டு செத்தால் மீதியில் 1, 0, 1, 1 என்று மூன்று ஒன்றுகள் தெரியும். இரட்டைப்படை ஆக வேண்டுமென்றால் காணாமல் போனது 1-ஆகத்தான் இருக்க வேண்டும். எட்டு வட்டிலும் இதையே செய்து, பேரிட்டியை ஒரே வட்டில் குவிக்காமல் சுழற்சி முறையில் எல்லாவற்றிலும் பரப்பினால் ஒரே ஒரு வட்டு அளவு இடம்தான் போகும். கிடைப்பது 140. பேனா மறுபடி கைக்கு வந்தது.

ஆனால் வேகம் இருக்கிறதே. 7,200 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு எட்டு மில்லி நொடிக்குச் சற்று மேல். தேவையான இடம் தலைக்குக் கீழே வர சராசரி அரைச் சுற்று, நான்கு மில்லி நொடி. தலை நகர்ந்து போக இன்னொரு எட்டு. ஆக ஒரு வட்டு நொடிக்கு ஏறத்தாழ 80 வேலைதான் செய்யும். எட்டும் சேர்ந்து 640. ரெய்டு 10-ல் ஒரு தகவலை எழுத இரண்டு வேலை, ஆகவே நொடிக்கு 320 முறை எழுதலாம். ரெய்டு 5-ல் சின்னத் தகவல் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பழைய தகவலைப் படி, பழைய பேரிட்டியைப் படி, புதிய தகவலை எழுது, புதிய பேரிட்டியை எழுது. நான்கு வேலை, நொடிக்கு 160-தான். இரண்டு வட்டு ஒருசேரப் போனாலும் தாங்கும் ரெய்டு 6-ல் ஆறு வேலை. நூற்றுச் சொச்சம். படிப்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எழுதுவதில்தான் இந்த இடி.

அப்படியானால் எது சரி? நாள் முழுக்கச் சின்னச் சின்னதாய் எழுதும் லைன் டேட்டாபேஸுக்கு ஜோடி முறைதான் சரி. ஒருமுறை நீளமாக எழுதிவிட்டுப் பிறகு எப்போதாவது படிக்கும் கேமரா பதிவு, ஆய்வுப் படங்கள், பழைய தொகுதிக் கணக்கு போன்றவற்றுக்கு ரெய்டு 6. நீளமான எழுத்தில் அந்த ஆறு வேலைச் சுமை பெரிதாகத் தெரியாது, வரிசை முழுவதையும் ஒரேயடியாகக் கணக்கிட்டு எழுதிவிடலாம். இந்த அளவு வட்டுகளில் ரெய்டு 5-ஐ நான் ஏற்கமாட்டேன். காரணம் கொஞ்சம் கீழே.

கடைசியில் முடிவு நல்லதாகவே வந்தது. சர்வரின் பின்பக்கம் இரண்டு சின்ன எஸ்.எஸ்.டி.யை ஜோடியாகப் போட்டு டேட்டாபேஸை அதில் வைத்தார்கள். முன்பக்க எட்டும் ரெய்டு 6. கிடைத்தது 120. தரப் பிரிவு அம்மா ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்தார்: “சார், நம்ம லேபிள்ல பண்றதைத்தானே இதுலயும் பண்றோம்?”

அவர் சொன்னது அவர் நினைத்ததைவிடவும் சரி. அந்த ஆலையிலிருந்து போகும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கியூஆர் கோடு இருக்கும். டீக்கடையில் பணம் கட்டும் கியூஆர் கோடு கார் ஆலையில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1994-ல் டொயோட்டா குழுமத்தின் டென்சோவில் மசாஹிரோ ஹாராவின் குழு, பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. எண்ணெய் பட்டாலும் ஓரம் கிழிந்தாலும் அது படிக்க வருவதற்குக் காரணம் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960-ல் வெளியிட்ட பிழைதிருத்தக் கணிதம். கியூஆர் கோட்டில் நான்கு நிலைகள் உண்டு. 7, 15, 25, 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீட்கலாம். இலவசம் அல்ல. மிகப் பெரிய கட்டத்தில் குறைந்த பாதுகாப்பு வைத்தால் 2,953 பைட் கொள்ளும், அதே கட்டத்தில் அதிகபட்சப் பாதுகாப்பு வைத்தால் 1,273-தான். பாதிக்கு மேல் போய்விடும். கிரீஸ் படியும் பாகத்துக்கு அந்தப் பாதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தரப் பிரிவுக்குத் தெரியும்.

ரெய்டு 6-ல் முதல் பேரிட்டி மேலே சொன்ன ஒற்றைப்படை, இரட்டைப்படை விளையாட்டு. இரண்டாவது பேரிட்டியைப் பல கன்ட்ரோலர்கள் அதே ரீட்–சாலமன் முறையில்தான் போடுகின்றன. அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளையை அதே காலத்தில் கண்டுபிடித்தவர்களில் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்து அமெரிக்கா போன ராஜ் சந்திர போஸும் அவரோடு எழுதிய ராய் சவுத்ரியும் உண்டு. பிரேக் பாகத்தின் மேல் ஒட்டிய லேபிளையும், அந்த லேபிளுக்குரிய கணக்கைத் தாங்கும் வட்டையும் ஒரே கணிதம் காக்கிறது. இந்தப் பகுதியில் வேலை செய்யும் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் டிப்ளமா பிள்ளைகளுக்கும் யாராவது இதை உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். லேபிளை வைத்தே ரெய்டை விளக்கிவிடலாம்.

வட்டுகளின் வேலை வாழ்க்கை தொடங்கியது. வெளியே சித்திரை வெயில், உள்ளே ஏ.சி. குளிர். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஷாப். பெரிய பிரஸ் அடிக்கும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். அதிர்வு வட்டுக்கு ஆகாது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அடுக்கின் முன் நின்று சத்தம் போட்டுக் கத்தினார். கத்திய நொடியில் அவற்றின் தாமதம் எகிறியதைத் திரையில் காட்டினார். 2016-ல் புக்கரெஸ்டில் ஐ.என்.ஜி. வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதித்துப் பார்த்தபோது அது பீறிட்ட ஓசையே பல வட்டுகளைக் கெடுத்து, ஏ.டி.எம். வரை நின்றது. சர்வர் அறையைப் பிரஸ் ஷாப்புக்கு ஒட்டி வைப்பவர்கள் இடம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். மிச்சமானது எது என்று வட்டுகள் பின்னால் சொல்லும்.

கன்ட்ரோலருக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. எழுத வந்ததை உடனே வட்டில் எழுதாமல் மெமரியில் வாங்கிக்கொண்டு ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும் தைரியம் கன்ட்ரோலருக்கு அந்த பேட்டரியால்தான் வருகிறது. திடீரென்று மின்சாரம் போனாலும் மெமரியில் இருப்பது அழியாது. பேட்டரி வயதாகிச் செத்தால் கன்ட்ரோலர் பயந்துபோய் நேரடியாக எழுதத் தொடங்கும். அன்றைக்கு ரெய்டு 6-இன் ஆறு வேலைச் சுமை முழுசாகத் தலையில் விழும். “நேத்து வரை நல்லா இருந்துச்சு, இன்னைக்கு சர்வர் ஸ்லோ” என்று வரும் புகார்களில் இந்த பேட்டரி காரணமான புகார்கள் எத்தனையோ. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏ.எம்.சி.) டிஸ்க்குக்கு ஒரு வரி இருக்கும், பேட்டரிக்கு இருக்காது.

ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸுக்கும் சந்தனம், ரேக்குக்கும் சந்தனம். குங்குமம் மட்டும் காற்று போகும் துளைகளில் படாமல் கதவின் மேல் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

பொங்கல் விடுமுறையில்தான் பிரச்சினை தொடங்கும். ஆலை மூன்று, நான்கு நாள் மூடும்போது மின் பராமரிப்பு செய்வார்கள், சர்வரையும் அணைப்பார்கள். இடைவிடாமல் ஓடும் வட்டு ஓடிக்கொண்டே இருக்கும், நின்று குளிர்ந்து மறுபடி கிளம்பும்போதுதான் சோதனை. மூன்றாம் ஆண்டு பொங்கல் முடிந்து சர்வரைப் போட்டபோது எட்டில் ஏழு விளக்கு பச்சை, நான்காவது ஆம்பர். டிஸ்க் போச்சு.

லைன் நிற்கவில்லை. ரெய்டின் பெருமையே அதுதான். ஆனால் அலமாரியில் உதிரி வட்டு இல்லை, அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றிருந்தார்கள். ஏ.எம்.சி. காரரிடம் சொல்லி, விடுமுறைக் கூட்டத்தில் கூரியர் சிக்கி, புது வட்டு வர ஒரு வாரம். அதைச் செருகியதும் கன்ட்ரோலர் மற்ற ஏழையும் முழுக்கப் படித்து, செத்ததில் என்ன இருந்தது என்று கணக்கிட்டு எழுதும் ‘ரீபில்ட்’ வேலையைத் தொடங்கியது. நொடிக்கு 250 மெகாபைட் என்று தாராளமாக வைத்தாலும் 20 டெராபைட் எழுத 80,000 நொடி, 22 மணி நேரம். லைன் ஓடிக்கொண்டே நடந்தால் நாள்கணக்கு. அந்த நாட்களில் ஏழு வட்டும் இதுவரை படாத பாடு படுகின்றன. இரண்டாம் நாள் இரவு ஆறாவது ஆம்பர் ஆனது.

எட்டில் இரண்டு போய்விட்டது. ரெய்டு 5 ஆக இருந்திருந்தால் அந்த நிமிடத்தோடு மூன்றாண்டுக் கணக்கும் முடிந்திருக்கும். ரெய்டு 6 தாங்கியது. ஆறாவதுக்கும் மாற்று வந்து ரீபில்ட் முடியும் வரை அந்தத் தரப் பிரிவு அம்மா ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் சர்வர் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

துரதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1988 கட்டுரையின் கணக்கு, ஒரு வட்டு சாவதற்கும் இன்னொன்று சாவதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. அதை எழுதிய மூவரில் ஒருவரான கார்த் கிப்சனே 2007-ல் பியான்கா ஷ்ரோடருடன் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் வட்டுகளின் மாற்றுப் பதிவுகளை அலசினார். தயாரிப்பாளர்களின் தாளைப் பார்த்தால் ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்குள் சாக வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணம், சில இடங்களில் 13 வரை. அதைவிட முக்கியம், ஒன்று போன சமயத்தை ஒட்டியே இன்னொன்று போவது, தற்செயல் என்று வைத்துப் போட்ட கணக்கைவிட அதிகமாக இருந்தது. தன் இளமைக்கால ஆய்வின் அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்த்து உலகுக்குச் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நம் எட்டைப் பாருங்கள். ஒரே வாரம் பிறந்து, ஒரே பெட்டியில் வந்து, ஒரே வெப்பத்தில், ஒரே பிரஸ்ஸின் அதிர்வில், ஒரே அளவு உழைத்து, ஒரே பொங்கலுக்கு நின்று கிளம்பியவை. ஒன்று போனால் மற்றவையும் அந்த வயதில்தான் இருக்கின்றன.

படிக்கும் பிழையும் உண்டு. மலிவு வட்டின் தாளில் 100 லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிட் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். ஆலைகளுக்கான விலை உயர்ந்த வட்டில் பத்து மடங்கு நல்லது, 125 டெராபைட்டுக்கு ஒன்று. எட்டு வட்டு ரெய்டு 5-ல் ஒன்றை மீட்க மற்ற ஏழையும், அதாவது 140 டெராபைட்டையும் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். தாளில் போட்டிருப்பது மேல் வரம்புதான், உண்மையில் பிழை குறைவாகவே வரும். ஆனாலும் ஒரு வட்டு செத்த பிறகு ரெய்டு 5-ல் தவறுக்கு இடமே இல்லை. அதனால்தான் அதை வேண்டாம் என்கிறேன். 500 ஜிபி வட்டுகளின் காலத்தில் அது நல்ல பேரம், வட்டு நாற்பது மடங்கு பெருத்தபின் அது பழைய பேரம்.

ரெய்டு 6-ம் தாங்காத ஒன்றும் உண்டு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். இந்தப் பகுதியின் கார், பைக் ஆலைகள் நின்றன. ஆள் வர முடியாமல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 இதழைச் சென்னையில் அச்சிடவே முடியவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஒரு நாள் அதற்கு முன் வந்ததில்லை. தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தால் எட்டு வட்டுக்கும் ஒரே தண்ணீர்தான். வெள்ளம் வேண்டாம், ஒரு ரேன்சம்வேர் போதும். தவறாக அழித்த ஃபோல்டரையும், வைரஸ் பூட்டிய கோப்பையும் எட்டு வட்டும் விசுவாசமாகப் பேரிட்டியோடு காத்து வைக்கும். ரெய்டு வட்டு சாவிலிருந்து காக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பேக்கப் என்பது வேறு வட்டில், வேறு கட்டிடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும். டேப்பில் எழுதி வெளியே கொண்டுபோய் வைக்கும் ஆலைகள் இங்கே உண்டு. பழைய முறை என்று சிரிப்பவர்களும் உண்டு. கழற்றி வைத்த டேப்பை எந்த ரேன்சம்வேரும் தொட முடியாது.

சில காலம் கழித்து மீதி ஆறு வட்டுகளும் ஓய்வு பெற்றன. பழைய டிஸ்க்கை அப்படியே காயலான் கடையில் எடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தரவு திரும்ப வராதபடி அழிக்க வேண்டும். இந்த ஆலையில் இயந்திரத்தில் போட்டு நறுக்கியே அனுப்பினார்கள். அலுமினியம் உருகப் போகும்.

இந்தச் சாலையில் சிறு ஆலை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சர்வர் வாங்கும்போது எட்டு வட்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல் பாதியை வேறு தொகுதியிலிருந்து தரச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். ஒரு உதிரி வட்டை அலமாரியில் வாங்கி வையுங்கள். கன்ட்ரோலர் பேட்டரிக்கு ஏ.எம்.சி.யில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு பழைய தொகுதியின் கணக்கைக் கடைசியாக எப்போது திருப்பி எடுத்துப் பார்த்தார்கள் என்று உங்கள் ஐ.டி. ஆளிடம் இந்த வாரமே கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.